தலைப்பாகையோடு போகட்டும்

புதுச் செருப்புக் கடிக்கத்தான் செய்யும். இது நம்மவர் யாவரும் அறிந்த செய்தி. கடிக்கின்றதே என்று அதனை எவரும் வீதியோரத்தில் வீசிவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்புவதில்லை. வாரிலே சிறிது தேங்காயெண்ணெய் தடவி, முதலிரு நாளும் முற்றத்தளவில் நடந்து, பின்னர்ச் சந்திவரை சென்று வந்து, பத்து நாளிலே செருப்பையும் காலையும் ஒன்றோடொன்று இணங்கச் செய்துகொள்ளும் பொறுமை நம்மிடம் உண்டு. காலுக்குக் காட்டும் இப்பொறுமையைத் தலைக்குக் காட்ட நம்மில் எத்தனை பேர் முன்வருகின்றோம்? மோட்டார் சைக்கிளுக்கென வாங்கிய புதிய தலைக்கவசம் கன்னத்தை நெருக்குகின்றது என்பதற்காக அதனை முழங்கையிலே கொழுவிக்கொண்டும், பெற்றோல் தாங்கியின்மேல் வைத்துக்கொண்டும், பொலிசார் நிற்கும் சந்தி வரும்போது மட்டும் அவசரம் அவசரமாகத் தலையிலே கவிழ்த்துக்கொண்டும் செல்வோரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கவிழ்த்துக்கொண்ட பின்னும் நாடிப்பட்டியைப் பூட்டுவோர் சிலரே.

உயர்தர வகுப்பு மாணவரொருவர் அண்மையில் எம்மிடம் ஒரு வினா விடுத்தார். புதுத் தலைக்கவசம் இறுக்கமாக இருத்தல் நன்றோ, தீதோ? இறுக்கம் நாளடைவில் இளகுமோ, இளகாதோ? இளகுமென்று வாங்கி, இளகாது போனால் என் செய்வது? வினா சிறிதாயினும் அதன் விடை ஓர் உயிரின் விலையுடையது. ஆதலின் இவ்வாரம் அதனையே விரித்துக் கூற எண்ணினோம்.

இறுக்கம் எதற்கு?

தலைக்கவசம் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும், ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த மூன்று உறைகளின் சேர்க்கையாகும். வெளியே இருப்பது வன்மையான ஓடு. பிளாஸ்ரிக்கினாலோ கண்ணாடியிழையினாலோ செய்யப்படும் இவ்வோடு, கூரிய கல் உட்புகாமல் தடுப்பதோடு, ஓரிடத்தில் விழுந்த அடியை அகலப் பரப்பியும் விடுகின்றது. அதனுள்ளே இருப்பது ஏறக்குறைய ஓரங்குலத் தடிப்புள்ள இரண்டாம் உறை. புதிய தொலைக்காட்சிப் பெட்டி கடையிலிருந்து வரும்போது அதனைச் சுற்றி வைத்திருக்கும் ரெஜிபோம் இருக்கின்றதே, அவ்வினத்தைச் சேர்ந்தது இது. உயிரைக் காப்பது உண்மையில் இவ்வுறையே. மூன்றாவதாக, நெற்றியையும் உச்சியையும் கன்னங்களையும் தொட்டுக்கொண்டிருப்பது துணி போர்த்த மென்பஞ்சு.

இம்மூன்றனுள் நாளடைவில் இளகி நம் தலைக்கு இணங்குவது மூன்றாவதாகிய பஞ்சு மட்டுமே. ஓடு இளகாது. ரெஜிபோம் இளகாது, இளகவும் கூடாது. புதுச் செருப்பிலே தோல் முழுவதும் காலுக்கு வளைந்து கொடுக்கின்றது. தலைக்கவசத்திலோ ஒரு விரற்கடை தடிப்புள்ள பஞ்சுதான் வளைந்து கொடுக்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டோர்க்கு மேலே நாம் சொல்லப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்பது நம் நாட்டிலே வழங்கும் பழமொழி. மோட்டார் வண்டியைக் கனவிலும் கண்டறியாத காலத்தவர் கூற்றாயினும், ரெஜிபோம் உறையின் தொழிலை இதனினுஞ் சுருங்கச் சொல்லுதல் அரிது. விழுந்த கணத்திலே அது தான் நசுங்கித் தலையை மெல்ல நிறுத்துகின்றது. நசுங்கியது மீண்டும் நிமிர்வதில்லை. தலைக்கு வந்ததைத் தான் ஏற்றுக்கொண்டு போய்விடுகின்றது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்காக இங்கே ஒரு சிறு கணக்கைத் தருகின்றோம். மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். வண்டி சரிந்து, தலை அவ்வுயரத்திலிருந்து தார் வீதியிலே மோதுகின்றது. மோதிய தலை 3 மில்லிமீற்றர் தூரத்தினுள் நின்றுவிடுமாயின் அதன் அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 500 மடங்காகும். இடையிலே ஓர் உறை 3 சென்ரிமீற்றர் நசுங்கிக் கொடுக்குமாயின் அது 50 மடங்காகக் குறைகின்றது. சீராக வேகங் குறைகின்றதெனக் கொண்டு, விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தாற் போதும், விடை வந்துவிடும். வண்டி விரைந்து ஓட வேண்டுமென்பதில்லை. வெறும் உயரமே இத்துணை செய்யவல்லது. மெதுவாகத்தானே போகின்றோம் என்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

இனி, கவசம் தளர்வாக இருந்தால் நிகழ்வது யாது? தலைக்கும் உறைக்கும் இடையே ஒரு சென்ரிமீற்றர் வெளி இருக்குமாயின், கவசம் தரையில் மோதிய பின்னரும் தலை அவ்வெளியினூடே தடையின்றிச் சென்று பின்னரே உறையை அடைகின்றது. நசுங்கி ஏற்க வேண்டிய உறை தன் வேலையைப் பிந்தித் தொடங்குகின்றது. அன்றியும், தளர்ந்த கவசம் முதல் அடியிலேயே திரும்பி நெற்றியைத் திறந்து காட்டும். நாடிப்பட்டி பூட்டப்படாதிருந்தால் தலை தரையைத் தொடுமுன்னரே கழன்று வீதியில் உருண்டோடும். விபத்திலே தலை ஒருமுறை மட்டும் மோதி அமைவதில்லை. கல்லிலும் கரையிலும் பலமுறை மோதுதல் கூடும். முதல் மோதலில் ஓடிப்போன கவசம் இரண்டாவதற்கு உதவாது. ஆகவே புதுக் கவசத்தின் இறுக்கம் குறையன்று. அது அதன் தொழிலுக்கு வேண்டிய குணமாகும்.

ஒரு வைத்தியரின் ஆராய்ச்சி

இவ்வறிவு மனிதருக்கு எளிதில் வந்ததன்று. 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, அராபிய லோறன்ஸ் என உலகம் அறிந்த ரி. ஈ. லோறன்ஸ், இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலே தமது மோட்டார் சைக்கிளில் விரைந்து வருகையில், துவிச்சக்கரவண்டியிற் சென்ற இரு சிறுவர்மீது மோதாது விலக முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையிலே கவசம் இல்லை. நினைவு திரும்பாமலே ஆறு நாள் கிடந்து 19ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 46. பாலைவனப் போரிலே தப்பிய தலை ஒரு கிராமத்து வீதியிலே வீழ்ந்தது.

அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர், அவுஸ்திரேலியாவிலே பிறந்தவர். பின்னர் இரண்டாம் உலகப்போர் தொடங்கி, செய்தி கொண்டுசெல்லும் இளம் வீரர் பலர் மோட்டார் சைக்கிள்களிலே இரவு பகலாய் ஓடத் தலைப்பட்டபோது, அவர்கள் தலையுடைந்து வருவதைக் கெயான்ஸ் கண்டார். 1941இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையிலே தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களிலே பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிளில் சென்றோர் 2,279 பேர் மாண்டனர் என்பதை அதில் எடுத்துக்காட்டினார். கவசமணிந்து காயமுற்றோர் எனத் தாம் கண்டவர் எழுவரே என்றும், எழுவரும் உயிர் தப்பினர் என்றும் குறித்தார். எழுவர் என்பது சிறுதொகைதான். எனினும் இராணுவம் அதனை அலட்சியஞ் செய்யவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே மோட்டார் சைக்கிள் வீரர் கடமையிலே கவசமணிதல் வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. பொதுமக்களுக்கு அது சட்டமானதோ 1973இல். கெயான்ஸ் 1952இலேயே மறைந்துவிட்டார்.

கெயான்ஸ் காலத்துக் கவசங்களில் நசுங்கும் உறை இருக்கவில்லை. வன்மையான ஓட்டினுள்ளே பட்டிகளால் தலையைத் தாங்கும் அமைப்பே இருந்தது. அடியைத் தான் நசுங்கி ஏற்கும் உறையொன்றை ஓட்டினுள்ளே வைக்கலாமென்ற அமைப்புக்கு, அமெரிக்காவிலே தென் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லொம்பாட் என்பவரும் ரொத் என்பவரும் 1953இல் காப்புரிமை பெற்றனர். இன்று நாம் அணியும் கவசமெல்லாம் அக்கருத்தின் வழிவந்தவையே.

பிற்காலத்தில், பல நாடுகளிற் செய்யப்பட்ட 61 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கிய கொக்ரேன் மதிப்பாய்வு 2008இல் வெளிவந்தது. மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளானோரிடையே கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக்காய அபாயத்தை ஏறக்குறைய 69 வீதமும் குறைக்கின்றதென்பது அதன் முடிவு. இவ்விலக்கங்கள் அணிந்தோருக்கு உரியவை. முழங்கையிலே கொழுவியோருக்கு உரியவை அல்ல. கவசத்தை முழங்கைக்கு அனுப்புவது பெரும்பாலும் முதல் மாதத்து நோவே. அந்நோவை வெல்லும் வழியை அறிதல் அதனாலேயே அவசியமாகின்றது.

ஆறும் நோவும் ஆறாத நோவும்

புதுக் கவசம் தரும் நோவு இருவகைப்படும். பஞ்சினால் வரும் நோவு ஒன்று. ஓட்டின் வடிவத்தால் வரும் நோவு மற்றொன்று. முன்னது ஆறும், பின்னது ஆறாது. இரண்டையும் பகுத்தறியாமையினாலேதான், பொறுத்துக்கொள்ள வேண்டிய கவசத்தைச் சிலர் எறிந்துவிடுகின்றனர். எறிந்துவிட வேண்டியதைச் சிலர் ஆண்டுக்கணக்காய்ப் பொறுத்திருக்கின்றனர்.

கன்னம் இரண்டும் மேலே தள்ளப்பட்டு, கொழுக்கட்டையை வாயில் அடக்கிய பிள்ளையின் முகம்போல் தோன்றுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. பேசும்போது உட்கன்னம் பல்லிலே படுகின்றதாயினும் அஞ்ச வேண்டியதில்லை. கன்னப்பஞ்சே யாவற்றினும் விரைவிலே இளகுவது. தலை முழுவதையும் ஒரே சீராகக் கைகளாற் பற்றியது போன்ற இறுக்கமும் நல்லதே. சில வாரங்களில் அது அணைப்பாக மாறும்.

ஆனால், நெற்றியின் நடுவிலே ஒரு புள்ளியில் மட்டும் குத்துவது போன்ற நோவெழுந்து, கால் மணித்தியாலம் கழித்துக் கழற்றிப் பார்க்கையில் அவ்விடம் செக்கச்சிவந்து காணப்படுமாயின், அது வேறு கதை. நம் தலைகள் யாவும் ஒரே வடிவின அல்ல. மேலிருந்து நோக்கினால் சிலருடையது உருண்டையானது. சிலருடையது முன்பின்னாக நீண்டது. பலருடையது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நீண்ட தலைக்கு உருண்டைக் கவசம் நெற்றியிற் குத்தும்; பக்கங்களிலோ வெளி கிடக்கும். உருண்டைத் தலைக்கு நீண்ட கவசம் காதுக்கு மேலே இரு பக்கமும் நெருக்கும். இது ரெஜிபோமுக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலுள்ள பிணக்கு. மண்டையும் மாறாது, ரெஜிபோமும் மாறாது. பெரிய அளவு வாங்கினாலும் பிணக்குத் தீராது, தளர்வுதான் மிகும். வேறு வடிவமைப்புள்ள கவசத்தைத் தேடுவதே வழி.

காது மடிந்து நோவெடுத்தால் அது கவசத்தின் குற்றமன்று. அணிந்த முறையின் குற்றம். நாடிப்பட்டிகள் இரண்டையும் இரு கையாலும் பக்கவாட்டில் விரித்துப் பிடித்துக்கொண்டு, நெற்றிப்பக்கமாகத் தொடங்கிப் பின்னோக்கி இழுத்து அணிதல் வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர் கவசத்தை முதலிலும் கண்ணாடியைப் பின்னரும் அணிவாராக. கண்ணாடிக் காம்பு பொட்டிலே அழுத்துமாயின், வளைந்த காம்புக்குப் பதிலாக நேரான காம்புள்ளதைத் தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும்போது

கடைக்குச் செல்லுமுன் தையற்காரரின் அளவுநாடாவை எடுத்து, புருவத்துக்கு ஓரங்குலம் மேலே, காதுகளுக்கு மேலாகப் பின்தலையின் புடைப்பைச் சுற்றி அளந்துகொள்க. 57, 58 சென்ரிமீற்றர் எனின் பெரும்பாலும் நடுத்தர அளவு; 59, 60 எனின் பெரிய அளவு. செய்வோருக்குச் செய்வோர் இது சிறிது மாறுபடும். ஆதலின் இலக்கத்தை மட்டும் நம்பி, அணிந்து பாராமல் வாங்குதல் கூடாது. அளவு நாடாவுக்குச் சுற்றளவுதான் தெரியும், வடிவம் தெரியாது.

கவசத்திலே இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ். எல். எஸ். 517 என்னும் குறி உண்டா எனப் பார்க்க. பின் அணிந்து நாடிப்பட்டியைப் பூட்டுக. கவசத்தை இடமும் வலமுமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கன்னமும் அதனோடு சேர்ந்து நகர்தல் வேண்டும். தலை அசையாமல் கவசம் மட்டும் சுழலுமாயின் அது பெரிது. நெற்றிக்கும் பஞ்சுக்கும் இடையே விரல் எளிதாய் நுழைதல் கூடாது. பின்புற விளிம்பைப் பிடித்து மேலே தள்ளி முன்புறமாகக் கழற்ற முயல்க. கழன்று வருமாயின் வீதியிலும் கழன்று போகும். இறுதியாக, அணிந்தபடியே கால் மணித்தியாலமேனும் கடையிலே நிற்க. கடைக்காரர் நகைப்பார் என்று நாணுதல் வேண்டா. சேலை எடுக்க ஒரு முழுப்பகலையும், தலைக்கவசம் எடுக்க இரண்டு நிமிடத்தையும் செலவிடுவோரைக் கண்டு நாம்தான் நகைக்க வேண்டும்.

இரண்டு அளவுகளுக்கு இடையிலே ஐயம் பிறந்து, சிறியதிலே மேற்சொன்ன குத்தும் நோவு இல்லையாயின், சிறியதையே கொள்க. பஞ்சு சிறிது இளகும்போது அது சரியாகும். இன்று சுகமாயிருக்கும் பெரியதோ ஆறு மாதத்தில் தளர்ந்து ஆடும்.

பழக்கும் முறை

வாங்கி வந்த மறுநாளே அதனை அணிந்து தூரப் பயணம் போகாமலிருத்தல் நன்று. முதற் கிழமையிலே மாலை வேளைகளில், வீட்டிலே விசிறிக்குக் கீழ் அமர்ந்து, அரை மணித்தியாலம் அணிந்திருக்கலாம். மாணவர் பாடம் படித்துக்கொண்டிருக்கலாம். தந்தையார் பத்திரிகை பார்த்துக்கொண்டிருக்கலாம். வீட்டு நாய் குரைக்கும். பாட்டியார் இதென்ன கோலம் என்பார். இரண்டு நாளில் இருவரும் பழகிவிடுவர். நாடிப்பட்டியைப் பூட்டியே அணிதல் வேண்டும். பூட்டாது அணிந்தால் கன்னப்பஞ்சு உரிய இடத்திலே அழுந்தாது. பட்டிக்கும் நாடிக்கும் இடையே இரு விரல் நுழையுமளவு இடமிருந்தாற் போதும்.

வீட்டுக்கு வெளியே செல்லும்போது, தூரம் எவ்வளவாயினும் கவசம் தலையிலே இருத்தல் வேண்டும். ஆனால் முதலிரு கிழமையிலும் குறுந்தூரப் பயணங்களோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம். தூரப் பயணமாயின் இடையிடையே மரநிழலில் நிறுத்தி இளைப்பாறுக. இவ்வாறு பதினைந்து, இருபது மணித்தியாலம் அணிந்தபின் பஞ்சு நம் முகத்தின் வடிவைக் கற்றுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைகளில் இது நிறைவேறும்.

கன்னப்பஞ்சு மட்டும் மிக நெருக்குமாயின், கழற்றக்கூடியதாக இருப்பின் அதனைக் கழற்றி, மா பிசைவது போல் கையால் அழுத்தி அழுத்திப் பதப்படுத்தலாம். அதற்கும் இணங்காவிடின், அதே கவசத்துக்குரிய மெல்லிய கன்னப்பஞ்சு கிடைக்குமா எனக் கடையிலே விசாரிக்கலாம். சில நிறுவனங்கள் பல தடிப்புகளிலே அதனைத் தனியே விற்கின்றன. மெல்லிய பருத்தித் துணித் தொப்பியொன்றை உள்ளே அணிந்தால் வியர்வையை அது உறிஞ்சும். கவசமும் உரசாமல் இறங்கும்.

வியர்வையும் தலையெண்ணெயும் நம் நாட்டுக்குரிய இடர்கள். சித்திரை வெயிலிலே இரண்டையும் பஞ்சு குடித்துக் கன்றிப்போய்விடும். மாதமொருமுறையேனும் பஞ்சைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரத்தால் அலசி, நிழலிலே உலர்த்துக. கூந்தலைக் கொண்டையாய் முடிந்த தலையிலே கவசம் மேலெழும்பி நிற்கும். ஆதலின் பெண்கள் கூந்தலைப் பின்னிப் பிடரிக்குக் கீழே தொங்கவிட்டு அணிதல் வேண்டும். இட்ட திருநீறு கலைகின்றதே என முறையிடும் முதியோரும் உளர். நெற்றி முழுதாய்ப் போய்ச் சேர்ந்தால் நீறு மீண்டும் இட்டுக்கொள்ளலாம்.

செய்யத் தகாதவை

பொறுமையற்றோர் கையாளும் குறுக்கு வழிகள் சில உள. உள்ளே பெரிய பந்தையோ பானையையோ வலிந்து திணித்து இரவு முழுவதும் வைத்தல் ஒன்று. கத்தியாலோ கரண்டியாலோ ரெஜிபோமைச் சுரண்டி இடம் உண்டாக்குதல் ஒன்று. கொதிநீர் ஊற்றுதல், சூடு காட்டுதல், மேலே ஏறி அமர்தல் என்பன வேறு சில. இவையாவும் தலைக்காக நசுங்க வேண்டிய உறையை முன்கூட்டியே கெடுத்துவிடுவன. சுரண்டிய இடத்தில் உறையின் தடிப்புக் குறைகின்றது; மேலே நாம் போட்ட கணக்கிலே வகுக்கும் இலக்கம் சிறிதாகின்றது; விடை பெரிதாகின்றது.

கவசத்தை வண்டியின் பக்கக் கண்ணாடியிலே மாட்டி வைப்பது நம்மிடையே பெருவழக்கு. கண்ணாடியின் முனை உள்ளுறையை ஓரிடத்திலே குழித்துவிடும். பெற்றோலும் வர்ணத்துக்கு இடும் தின்னரும் ரெஜிபோமைக் கரைக்க வல்லவை. ஆதலின் அவை கொண்டு துடைத்தல் கூடாது. நண்பகல் வெயிலிலே வண்டியின்மேல் நாள்தோறும் காயவிடுதலும் தவிர்க்கத்தக்கது.

வீட்டிலே பழையது எவருக்கு?

இதுவரை கூறியன ஒருவர் தலையைப் பற்றியன. குடும்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்லாது விடுதல் முறையன்று. புதுக் கவசம் வாங்கியதும் பழையது எங்கே போகின்றது? பெரும்பாலான வீடுகளிலே அது பின்னால் அமர்ந்து வருபவருக்குப் போகின்றது: மனைவிக்கு, தாயாருக்கு, மகளுக்கு. நாலைந்து ஆண்டாக ஒருவர் தலைக்குப் பழகி, அவருடைய வடிவுக்கு அமுங்கிய பஞ்சு, மற்றொருவர் தலையிலே ஆடத்தான் செய்யும். பழகிய கவசம் பழக்கியவருக்கே உரியது. அதனாலேயே அது இரவல் கொடுக்கவும் ஏற்றதன்று. முன்னிருப்பவர் விழும்போது பின்னிருப்பவரும் விழுகின்றார். தார் வீதி இருவரிடையே வேற்றுமை பாராட்டுவதில்லை. நம் நாட்டுச் சட்டமும் இருவரையுமே கவசமணியச் சொல்கின்றது.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது மற்றொரு பழக்கம் குறுக்கிடுகின்றது. வளரும் பிள்ளைதானே என்று சப்பாத்தையும் சட்டையையும் ஓரளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். சிக்கனமுள்ள வீட்டுக்கு அது அழகே. தலைக்கவசத்துக்கு இவ்வழக்கம் ஒவ்வாது. தலை உடம்பைப்போல் வளர்வதன்று. ஆறு வயதுக்குள்ளேயே அது வளர்ந்தோர் தலைச்சுற்றளவின் பெரும்பகுதியை எட்டிவிடுகின்றது. அடுத்த ஆண்டுக்கென வாங்கிய பெரிய கவசம் இவ்வாண்டு அப்பிள்ளையின் கண்ணை மறைக்கும். விழுந்தால் கழன்று போகும். பிள்ளைக்கு இன்றைய அளவே அளவு. பிள்ளையின் தலைக்கு ஏற்ற கவசம் கிடைக்கவில்லையெனின், அது கிடைக்கும்வரை பஸ் வண்டியை நாடுதலே தக்கது.

விழுந்து அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் ஒன்றுமில்லையே என மீண்டும் அணிதல் தவறு. உள்ளுறை நசுங்கியது வெளியே தெரியாது. தலைப்பாகையோடு போனதைப் போகவிட வேண்டும். அது தன் கடனை முடித்துவிட்டது. விழாவிடினும், நாளும் அணியும் கவசத்தை ஐந்தாண்டளவிலே மாற்றும்படி செய்வோர் பலரும் கூறுகின்றனர். அதற்கு முன்னரே பஞ்சு தளர்ந்து கவசம் ஆடத் தொடங்குமாயின், புதுப்பஞ்சு கிடைக்கும் எனின் அதனை மாற்றலாம். கிடையாதெனின் கவசத்தையே மாற்றுக.

எம்மிடம் வினவிய மாணவருக்கு யாம் கூறும் விடை இது: இறுக்கம் நன்று, கன்னத்து இறுக்கம் இளகும், நெற்றியிற் குத்துவது இளகாது. குத்தாததைத் தெரிந்து வாங்கி, மூன்று கிழமை பொறுத்திருக்க. அம்மூன்று கிழமையிலும் அதனைக் கழற்றி முழங்கையிலே கொழுவும் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டா. பஞ்சு மூன்று கிழமையில் இளகிவிடும். முழங்கைப் பழக்கமோ ஆயுளுக்கும் இளகுவதில்லை. பெற்றோரும் ஒன்று செய்யலாம். பிள்ளை படலையைக் கடக்குமுன், எங்கே போகின்றாய், எப்போது வருவாய் எனக் கேட்பது நம் வழக்கம். அவற்றோடு நாடிப்பட்டி பூட்டப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேட்டு, விரலிட்டுப் பார்த்து அனுப்புவாராக.